உங்களுக்குத் தெரியுமா? வெக்கை நோயை ஒழித்தோம், கோமாரி காத்திருக்கிறது

பெரியம்மைக்குப் பிறகு உலகத்திலிருந்தே முற்றாக ஒழிக்கப்பட்ட ஒரே நோய் மாடுகளுக்கு வந்த வெக்கை நோய். காய்ச்சல், வாய்ப்புண், ஓயாத கழிச்சல் என்று வந்து தொழுவத்தையே காலி செய்த நோய் அது.

1954-இல் தேசிய ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. இந்தியாவில் கடைசியாக நோய் தென்பட்டது 1995-இல், நம் தமிழ்நாட்டில். அதன் பிறகு எடுத்த முடிவுக்குத்தான் பெரும் துணிச்சல் வேண்டும்: தடுப்பூசியையே நிறுத்தினார்கள்! ஊசி போட்ட மாட்டின் ரத்தமும் நோய் கண்டு மீண்ட மாட்டின் ரத்தமும் சோதனையில் ஒன்றுபோலவே காட்டும். ஊசியை நிறுத்தினால்தான் நாட்டில் நோய் இல்லை என்று நிரூபிக்க முடியும். 2006-இல் இந்தியாவும், 2011-இல் உலகமும் வெக்கையற்றவை என அறிவிக்கப்பட்டன.

கால், வாய் நோயான கோமாரி அவ்வளவு எளிதில் அடங்காது. வெக்கைக்கு ஒரே ரகக் கிருமி, கோமாரிக்கு ஏழு. இந்தியத் தடுப்பூசி இங்கே பரவும் மூன்று ரகங்களுக்கு எதிரானது. வண்டிச் சக்கரம், செருப்பு, தீவனம், காற்று எதிலும் இந்தக் கிருமி பயணம் செய்யும். மதுரை, சிவகங்கைச் சமவெளியில் ஊர்விட்டு ஊர் போய்க் கிடை போடும் புளிக்குளம் மாடுகளையும், அலங்காநல்லூர், பாலமேடு ஜல்லிக்கட்டுகளில் கூடும் காளைகளையும் நினைத்தாலே கவலை வருகிறது.

2019 முதல் நாடு முழுவதும் கோமாரி ஊசி இலவசம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை. கன்றுக்கு நான்கு மாதமானதும் முதல் ஊசி. சந்தையில் வாங்கிய மாட்டை மூன்று வாரமாவது தனியே கட்டுங்கள்.