ஜொப் சென்ரரில் ஒப்புக்கொள்ளும் முன்

பிரித்தானியாவில் யூனிவேர்சல் கிறெடிற் என்ற அரச கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்கும் எவரும் 'கிளைமன்ற் கொமிற்மென்ற்' என்ற உறுதிமொழியை ஏற்றுக்கொண்டாக வேண்டும். இணையக் கணக்கில் ஒரு பொத்தானை அழுத்தினால் ஏற்றதாகிவிடும். எங்கள் ஆட்களில் பலர் அதில் என்ன எழுதியிருக்கிறதென்று முழுதாக வாசிக்காமலே அழுத்திவிடுகிறார்கள். ஆங்கிலம் ஒரு தடை. அரசாங்க அலுவலர் சொன்னதை மறுத்துப் பேசக்கூடாது என்று ஊரில் பழகிவந்த தயக்கம் இன்னொரு தடை. பின்னர் ஒரு மாதம் பணம் குறைந்து வரும்போதுதான் அந்த உறுதிமொழியில் இருந்தவை தெரியவருகின்றன.

2012ஆம் ஆண்டின் நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டமே இதற்கு அடிப்படை. வேலை செய்யக்கூடிய உடல்நிலையோடு, பராமரிப்புப் பொறுப்பு எதுவும் இல்லாமல் இருப்பவர் கிழமைக்கு 35 மணித்தியாலம் வேலை தேட வேண்டும் என்பது பொது எதிர்பார்ப்பு. போகவர ஒவ்வொரு வழிக்கும் 90 நிமிடம்வரை பயணம் செய்யத் தயாராக இருக்க வேண்டும். முன்பு செய்த தொழிலிலேயே, முன்பு வாங்கிய சம்பள அளவிலேயே வேலை தேடுவதற்கு அதிகபட்சம் 4 கிழமை அவகாசம் தரலாம். 2022 பெப்ரவரிக்கு முன் அது 3 மாதம்வரை இருந்தது. ஊரில் கணக்காளராக இருந்தாலென்ன, ஆசிரியராக இருந்தாலென்ன, அந்த அவகாசம் முடிந்தபின் செய்யக்கூடிய எந்த வேலைக்கும் விண்ணப்பிக்கச் சொல்வார்கள்.

ஆனால் 35 என்பது எல்லோருக்கும் ஒரே அளவாகத் தைத்த சட்டையல்ல. ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளையைப் பிரதானமாகப் பராமரிப்பவர் வேலை தேடவே வேண்டியதில்லை. பிள்ளைக்கு ஒன்று அல்லது இரண்டு வயதென்றால் ஜொப் சென்ரர் எனப்படும் அரச வேலைவாய்ப்பு அலுவலகத்தில் சந்திப்புகளுக்குப் போக வேண்டும். இரண்டு வயதில் வேலைக்கான ஆயத்தங்களும் கேட்கப்படலாம். மூன்று முதல் 12 வயதுவரை என்றால் உச்ச எதிர்பார்ப்பு 30 மணித்தியாலம். பாடசாலை நேரத்தையும் பிள்ளைபார்ப்பு வசதியையும் பார்த்து அதையும் குறைக்கலாம். கணவன் மனைவி இருவரும் சேர்ந்து விண்ணப்பித்தால் இந்தத் தளர்வு ஒருவருக்கு மட்டும்தான். யார் பிரதான பராமரிப்பாளர் என்பதை யோசித்துப் பதியுங்கள். பழக்கதோஷத்தில் கணவர் பெயரைப் போட்டுவிட்டு, பிள்ளையை நாள் முழுதும் பார்க்கும் தாயிடம் 35 மணித்தியாலத்துக்குக் கணக்குக் கேட்கும் நிலையை உண்டாக்க வேண்டாம். வீட்டு வன்முறையிலிருந்து வெளியேறியவருக்கு 13 கிழமை முழு விலக்கு உண்டு. பிள்ளையைப் பராமரிப்பவராக இருந்தால் மேலும் 13 கிழமை நீட்டிக்கலாம். வெட்கத்தால் இதைச் சொல்லாமல் விடும் பெண்களை நினைத்தால் எனக்குப் பெரும் வருத்தம் ஏற்படுகிறது. தனியறையில் பேச வேண்டும் என்று கேட்கவும், பெண் அலுவலர் ஒருவரைத் தரும்படி கேட்கவும் தயங்க வேண்டாம்.

முதுகுவலி, நீரிழிவு, போரின் நினைவுகளால் வரும் தூக்கமின்மை எல்லாவற்றையும் முதல் சந்திப்பிலேயே 'வேர்க் கோச்' எனப்படும் அலுவலரிடம் சொல்லுங்கள். வைத்தியர் தரும் உடல்நிலைச் சான்றான 'ஃபிற் நோட்' இருந்தால் கொடுங்கள். தமிழில் பேச இலவச மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். பதின்மூன்று வயது மகளைக் கூட்டிக்கொண்டு போய் அவள் வாயால் தகப்பனின் நோயைச் சொல்லவைக்கத் தேவையில்லை. உறுதிமொழியில் உங்களால் செய்யமுடியாத ஒன்று இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். இணக்கம் வராவிட்டால் வேறோர் அலுவலர் பார்க்கட்டும் என்று கேளுங்கள். ஏற்கவே மறுத்தால் மட்டும் கொடுப்பனவு கிடைக்காது. நிலைமை பின்னர் மாறினாலும் திருத்தக் கேட்கலாம்.

அடுத்தது பதிவு. தண்டிக்கப்படுகிறவர்களில் வேலை தேடாதவர்களைவிட, தேடியதைக் காட்ட எதுவும் இல்லாதவர்களைப் பற்றியே எனக்குக் கவலை அதிகம். கடை கடையாக ஏறி இறங்கி வேலை கேட்பது எங்கள் ஆட்களின் வழக்கம்; தெரிந்தவர் மூலம் பெற்றோல் செற்றிலோ களஞ்சியத்திலோ விசாரிப்பதும் அப்படித்தான். அதுவும் வேலை தேடல்தான். ஆனால் எழுதாமல் விட்டால் அது கணக்கில் வராது. இணையக் கணக்கில் உள்ள 'ஜேர்னல்' பகுதியில் திகதி, இடம், யாரிடம் கேட்டீர்கள், என்ன பதில் என்பவற்றை அன்றன்றே எழுதுங்கள். சுயவிவரம் திருத்திய நேரம், முகவர் நிறுவனத்தில் பதிந்த நேரம், நேர்முகத்துக்கு ஆயத்தம் செய்த நேரம் எல்லாம் சேரும். அலுவலரோடு பேசி ஒப்புக்கொண்டால் ஆங்கில வகுப்பும் சேரும். தொண்டு வேலை தேடல் நேரத்தில் பாதிவரை ஈடாகலாம். 35 மணித்தியாலம் நிரம்பாவிட்டாலும், நியாயமாகச் செய்யக்கூடிய அனைத்தையும் செய்தீர்கள் என்று அலுவலர் ஏற்றால் போதுமென விதியே சொல்கிறது. இது பலருக்குத் தெரியாது.

கையில் காசாக வாங்கும் சம்பளத்தை மறைக்க வேண்டாம். வேலை செய்த மணித்தியாலங்கள் தேடல் நேரத்தைக் குறைக்கும். மறைத்தாலோ வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டவேண்டி வரும், வழக்கும் வரலாம். கடவுச்சொல்லை யாருக்கும் கொடுக்க வேண்டாம். படிவம் நிரப்பித் தருகிறேன் என்று வாங்குகிறவர் உங்கள் பெயரில் முற்பணம் எடுத்தால், அந்தக் கடன் உங்கள் கணக்கில்தான் ஏறும். விசாவில் அரச நிதியுதவி பெறக்கூடாதென்ற நிபந்தனை இருப்பவர்கள், சட்ட ஆலோசனை பெறாமல் விண்ணப்பிக்கவே கூடாது.

ஊரில் செத்தவீடு என்றால் அடுத்த விமானத்தில் ஏறிவிடுகிறோம். பொதுவாக ஒரு மாதம்வரை வெளிநாட்டில் இருந்தாலும் கொடுப்பனவு தொடரலாம். நெருங்கிய உறவினர் இறந்து, உடனே திரும்புவது நியாயமல்ல என்றால் இன்னொரு மாதம்கூட நீட்டிக்கலாம். ஆனால் சந்திப்பும் தேடல் கடமையும் தாமாக நின்றுவிடுவதில்லை. புறப்படும் முன் ஜேர்னலில் எழுதி, தளர்வு கேட்டு, பதிலைப் பார்த்துவிட்டுப் போங்கள். விமான நிலையத்தில் நின்றபடியே இரண்டு வரி எழுதினாலும் ஒன்றும் எழுதாமல் போவதைவிட மேல்.

இவ்வளவுக்குப் பிறகும் 'சாங்ஷன்' எனப்படும் கொடுப்பனவு வெட்டு வரலாம். தகுந்த காரணமின்றி வேலையை மறுத்தாலோ தானாக விட்டாலோ முதல் தடவை 91 நாள். ஓராண்டுக்குள் மறுபடி நேர்ந்தால் 182 நாள். போதியளவு தேடவில்லை என்றால் 28 நாள், அடுத்தமுறை 91. வேலை தேடக் கடமைப்பட்டவர் சந்திப்பைத் தவறவிட்டால், திரும்பத் தொடர்புகொள்ளும்வரையான நாட்களோடு மேலும் 7 நாள். திரும்பத் திரும்ப நேர்ந்தால் அந்த 7 என்பது 14, 28 ஆகும். ஆகவே தவறவிட்ட அன்றே அழைத்து வேறு திகதி வாங்கினால் இழப்பு குறையும். வெட்டப்படுவது அடிப்படைத் தொகை மட்டும். 25 வயதோ அதற்கு மேலோ உள்ள தனியாளுக்கு அது 2025-26இல் மாதம் 400.14 பவுணாக இருந்தது. வாடகைக்கான பங்கும் பிள்ளைகளுக்கான பங்கும் தொடர்ந்து வரும். வீடு போய்விடுமென்று பயந்து வட்டிக்குக் கடன் வாங்கி ஓடாதீர்கள். சாப்பாட்டுக்கும் மின்சாரத்துக்கும் வழியில்லை என்றால் 'ஹாட்ஷிப் பேமன்ற்' கேட்கலாம். வெட்டிய தொகையில் ஏறக்குறைய 60 சதவீதம் கிடைக்கும். அது பிறகு கழிக்கப்படும் கடன் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

சாங்ஷனைத் தீர்மானிப்பவர் உங்களைச் சந்திக்கும் வேர்க் கோச் அல்ல, வேறோர் அதிகாரி. தீர்மானத்துக்கு முன் காரணம் கேட்டுச் செய்தி வரும். அதற்குப் பதிலளிக்காமல் விடுவதுதான் நாம் செய்யும் பெரிய தவறு. பிள்ளைக்குக் காய்ச்சல், ரயில் ரத்து, கடிதம் புரியவில்லை, அன்று மொழிபெயர்ப்பாளர் இல்லை என்று எது நடந்ததோ அதை ஆதாரத்தோடு எழுதுங்கள். எவையெல்லாம் தகுந்த காரணம் என்று விதியில் முடிந்த பட்டியல் எதுவும் கிடையாது. ஒவ்வொருவர் நிலைமையையும் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

தீர்மானம் பாதகமாக வந்தால் ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேளுங்கள், ஜேர்னலிலேயே கேட்கலாம். அதிலும் தோற்றால், பதில் வந்து ஒரு மாதத்துக்குள் ஜொப் சென்ரரோடு தொடர்பில்லாத தீர்ப்பாயத்துக்கு மேன்முறையீடு செய்யலாம். கட்டணமில்லை, வழக்கறிஞர் கட்டாயமுமில்லை. 'சிற்றிசன்ஸ் அட்வைஸ்' போன்ற இடங்களில் இலவச உதவி உண்டு. விசாரணைக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் மேன்முறையீட்டுப் படிவத்திலேயே குறித்துவிடுங்கள்; அதற்கும் பணம் கட்டவேண்டியதில்லை.