பெயர் ஒன்று, குழாய் வேறு!



முதல் வருஷம் ஒர்க்ஷாப்பில் நமக்கெல்லாம் நடந்த கதைதான். "ஸ்டோர்ஸுக்குப் போய் ஒரு ஃபைல் வாங்கிட்டு வாப்பா" என்பார் இன்ஸ்ட்ரக்டர். ஓடிப்போய் ஒன்றை எடுத்து வருவோம். "ஃபிளாட் ஃபைலா கேட்டேன்? ஹாஃப் ரவுண்டுடா!" என்று திருப்பி அனுப்புவார். பேர் ஒன்று, சாமான் பல. அங்கே நஷ்டம் பத்து நிமிஷம். ஆனால் நூறு பேர் வாசிக்கும் ஒரு ஆர்கெஸ்ட்ராவில், சபை நிறைந்திருக்கும்போது, தப்பான வாத்தியத்தோடு போய் உட்கார்ந்தால்?

எனக்குச் சின்ன அளவில் இது நடந்தது. எங்கள் ஊர் சர்ச் பேண்டில் நான் யூஃபோனியம் வாசிப்பவன். ஒரு கிறிஸ்துமஸ் ஒத்திகையில் என் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். அதில் 'சி' என்று எழுதியிருந்தது. நானும் 'சி' என்றே ஊதினேன். முழுப் பாட்டும் மற்றவர்களைவிட ஒரு முழு ஸ்வரம் தள்ளிப் போனது! எல்லோரும் திரும்பிப் பார்க்க, பெரியவர் ஒருவர் தாளை வாங்கிப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, இது இங்கிலீஷ் பேண்டு முறையில எழுதினது. இதுல சி-ன்னு போட்டிருந்தா பி ஃபிளாட் கேக்கணும்."

தாளில் இருப்பதைப் படித்தால் போதாது, எழுதியவர் என்ன கேட்கிறார் என்று கண்டுபிடிக்க வேண்டும் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. டிராம்போன், டியூபா போன்ற மந்தர ஸ்தாயி பித்தளை வாத்தியக்காரர்களுக்கு உலகம் முழுக்க இந்தத் தலைவலி உண்டு. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பயப்படாதீர்கள், எல்லாம் நம்ம குழாய்க் கணக்குதான்!

மூன்றே விஷயம்

முதலாவது, குழாயின் நீளம். நீளம் இரண்டு மடங்கானால் சுருதி ஒரு ஸ்தாயி கீழே போகும். பி ஃபிளாட் டெனர் டிராம்போன் சுமார் 9 அடி. பெரிய பி ஃபிளாட் டியூபா சுமார் 18 அடி. இரண்டாவது, குழாயின் வடிவம். டிராம்போன் பெரும்பாலும் உருளை வடிவம், அதனால் ஓசை கணீரென்று வரும். யூஃபோனியமும் அதே 9 அடிதான். ஆனால் கூம்பு மாதிரி விரிந்துகொண்டே போவதால் ஓசை மெத்தென்று இருக்கும். மூன்றாவது, உதட்டில் வைக்கிற மவுத்பீஸ். இந்த மூன்றும் தெரிந்தால், பெயர் எதுவாக இருந்தாலும் கவலை இல்லை.

இல்லாத வாத்தியத்தைக் கேட்டால்?

பெர்லியோஸ் என்ற பிரெஞ்சு இசைமேதை 1830-ல் 'ஃபன்டாஸ்டிக் சிம்ஃபனி'யை எழுதினார். அதில் கேட்டது ஆஃபிக்ளைடும் செர்ப்பென்ட்டும். ஆஃபிக்ளைடு என்பது 1821-ல் பாரிஸில் காப்புரிமை பெற்ற, சாக்ஸபோன் மாதிரி சாவிகள் வைத்த பித்தளைக் கூம்பு. செர்ப்பென்ட் என்றால் பாம்பு; பேருக்கேற்ப வளைந்து நெளிந்த, தோல் சுற்றிய மரக்குழாய். "ஏன் சார், ஒரு டியூபா கேட்டிருக்கக் கூடாதா?" என்றால், கேட்டிருக்க முடியாது! டியூபாவுக்கு பெர்லினில் காப்புரிமை கிடைத்ததே 1835-ல்தான்.

பின்னாளில் ஜெர்மனியில் டியூபாவைக் கேட்டுவிட்டு அவரே அதை ஏற்றுக்கொண்டார். இன்று பெரும்பாலும் இரண்டு டியூபாக்கள் வாசிக்கின்றன. ஆனால் பழைய 18 அடி அண்டாவைத் தூக்கிப் போனால், 8 அடிக் குழாய்க்கு எழுதிய இசையை அது விழுங்கிவிடும். சிறிய டியூபா எடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

டியூபா என்றிருக்கும், டியூபா அல்ல!

வாக்னர் எழுதிய 'ரிங்' நாடகங்கள் 1876-ல் முழுமையாக மேடையேறின. அதன் ஸ்கோரில் இரண்டு டெனர் டியூபா, இரண்டு பாஸ் டியூபா என்று இருக்கும். டியூபாக்காரர் "நமக்கு நாலு வாத்தியமா!" என்று மலைக்க வேண்டாம். அவை வாக்னர் டியூபாக்கள். ஹார்ன் மவுத்பீஸை வைத்து ஹார்ன் கலைஞர்களே வாசிப்பவை. நம் ஆளுக்கு உரியது தனியே எழுதியிருக்கும் கான்ட்ராபாஸ் டியூபா ஒன்றுதான்.

அதே 'டெனர் டியூபா' என்ற பெயர் ஹோல்ஸ்டின் 'பிளானெட்ஸ்' இசையிலும் வருகிறது. முதலில் மேடையேறியது 1918-ல், இங்கிலாந்தில். அங்கே அதை வழக்கமாக யூஃபோனியத்தில்தான் வாசிக்கிறார்கள். ஒரே சொல், ஒன்று ஹார்ன்காரருக்கு, இன்னொன்று யூஃபோனியக்காரருக்கு!

இதைவிடப் பெரிய வில்லங்கம் 1922-ல் வந்தது. முஸோர்க்ஸ்கியின் பியானோ இசையான 'பொருட்காட்சிச் சித்திரங்க'ளை ராவெல் ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றி எழுதினார். அதில் மாட்டுவண்டியைச் சித்திரிக்கும் 'பிட்லோ' பகுதியில் டியூபாவுக்குத் தனி ஆவர்த்தனம். மாட்டுவண்டிதானே, கனமாக ஊதலாம் என்று பெரிய டியூபாவோடு போனவர் கதி அதோகதி! இசை நடு 'சி'-க்கும் மேலே உள்ள ஜி ஷார்ப் வரை ஏறுகிறது. காரணம், அந்தக் காலத்து பிரெஞ்சு டியூபா 8 அடிதான், ஆறு வால்வு கொண்டது. இன்று பலரும் யூஃபோனியத்தையோ எஃப் டியூபாவையோ எடுக்கிறார்கள். தாளில் 'டியூபா' என்றுதான் இருக்கும், எச்சரிக்கை எதுவும் இருக்காது.

ஸ்லைடு போதவில்லை

நமக்குப் பிடித்த கணக்கு ஒன்று. பார்டோக் 1943-ல் எழுதிய 'கான்செர்ட்டோ ஃபார் ஆர்கெஸ்ட்ரா'வின் நான்காம் பகுதியில், பாஸ் டிராம்போன் கீழ் 'பி'யிலிருந்து 'எஃப்' வரை வழுக்கிக்கொண்டே ஏற வேண்டும். மொத்தம் ஆறு அரை ஸ்வரம். ஒவ்வொரு அரை ஸ்வரத்துக்கும் குழாய் ஏறக்குறைய 6 சதவீதம் நீள வேண்டும். ஆறுக்கும் சேர்த்து 41 சதவீதம். 9 அடிக் குழாய் என்றால் 3.7 அடி. ஸ்லைடு இரட்டைக் குழாய் ஆதலால் இழுக்க வேண்டியது அதில் பாதி, அதாவது சுமார் 22 அங்குலம். சரி, வரும்.

ஆனால் 'எஃப்' கிடைக்க வால்வை அழுத்தினால் குழாய் 12 அடியாகிவிடும். அப்போது இழுக்க வேண்டியது சுமார் 30 அங்குலம். ஸ்லைடுக்கு எங்கே போவது? அதற்கு மேல் இழுத்தால் ஸ்லைடு கழன்று முன்னால் இருப்பவர் முதுகில்தான் விழும்! இந்த வரி பழைய எஃப் டிராம்போனின் ஏழு நிலைகளுக்கு அச்சாகப் பொருந்துகிறது. அதன் ஸ்லைடு கைக்கு எட்டாது என்பதால் ஒரு கைப்பிடி வைத்திருந்தார்கள். இன்றைய கலைஞர்கள் இரட்டை வால்வு டிராம்போனில் நடுவழியில் வால்வை மாற்றி ஒப்பேற்றுகிறார்கள். கேட்பவர் காதில் ஒட்டுத் தெரியக் கூடாது. வெல்டிங் மாதிரிதான்!

சிம்பாஸோ

இத்தாலிய ஓபராக்களில் இந்தப் பெயர் வரும். வெர்டியின் ஆரம்ப கால ஓபராக்களில் இது ஆஃபிக்ளைடு வகையைச் சேர்ந்த ஒரு பாஸ் வாத்தியம். பிற்காலத்தில் மூன்று டிராம்போன்களோடு ஒட்டி ஒலிக்கும் நான்காவது குரல்தான் வேண்டும் என்று அவரே பிடிவாதம் பிடித்து, 1881-ல் மிலனில் பெலிட்டி பட்டறையில் அப்படி ஒன்றைச் செய்யவும் வைத்தார். இன்று சிம்பாஸோ என்று கிடைப்பது வால்வு வைத்த, டிராம்போன் ஜாதி வாத்தியம். ஆகவே இங்கே பெயரைவிட முக்கியம், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரோடு ஓசை கலக்கிறதா என்பதே.

நான்கு கேள்விகள்

விசித்திரமான பெயர் ஒன்று தாளில் வந்தால் இதைக் கேளுங்கள்.

1. எந்த வருஷம் எழுதியது? அப்போது எந்த வாத்தியம் இருந்தது?
2. எந்த நாட்டுக்காரர்? அந்த ஊரில் அந்தப் பெயருக்கு என்ன பொருள்?
3. மேல் எல்லை, கீழ் எல்லை எது? எந்த நீளக் குழாய்க்கு அது சுலபம்?
4. கூட வாசிப்பது யார்? டிராம்போன்களா, ஹார்ன்களா, அல்லது தனி ஆவர்த்தனமா?

இதற்குப் பிறகும் சந்தேகம் என்றால், ஒத்திகைக்கு முன்பே கண்டக்டரிடம் (பஸ் கண்டக்டர் இல்லீங்க!) கேட்டுவிட வேண்டும். கேட்பது வெட்கம் இல்லை. கேட்காமல் போய் ஒரு முழு ஸ்வரம் தள்ளி ஊதுவதுதான் வெட்கம், அனுபவஸ்தன் சொல்கிறேன்.

நாளை நாம் வேலைக்குப் போகும் இடத்திலும் இதே கதைதான். பழைய டிராயிங் வரும். அதில் இப்போது கிடைக்காத ஒரு பாகத்தின் பெயர் இருக்கும். "மார்க்கெட்டில் இல்லை சார்" என்று திருப்பித் தருபவர் ஒருவர். பேர் பொருந்துகிறதே என்று எதையோ மாட்டிவிடுபவர் இன்னொருவர். அந்தப் பாகம் அங்கே என்ன வேலை செய்தது என்று யோசித்து, அந்த வேலையைச் செய்யும் பொருளைத் தேடுபவர்தான் டெக்னீஷியன்.

அந்த மூன்றாமவராக நாம் இருப்போம். அடுத்த கிறிஸ்துமஸுக்கு எங்கள் சர்ச் பக்கம் வாருங்கள். இந்த முறை சரியான சுருதியில் ஊதுகிறேன்!

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை