திருடு போனது ரேடியோ, கிடைத்தது பாட்டு!

காளையார்கோவில் பக்கம் திருவிழாவில் அலறுகிற உருமி, 2007-ல் லண்டன் இசைத்தட்டு ஒன்றிலும் அலறியது. அலறவிட்டவர் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த மாயா அருள்பிரகாசம். பாட்டு உலகில் 'எம்.ஐ.ஏ.'

தகப்பனார் 'ஈரோஸ்' இயக்கத்துக்காரர். வீட்டில் பார்ப்பதே அபூர்வம். சண்டைக்குத் தப்பித் தாயார் பிள்ளைகளோடு 1986-ல் லண்டன் போய்ச் சேர்ந்தார், அகதியாக.

அங்கே வீட்டு ரேடியோவைத் திருடன் கொண்டுபோய்விட்டான். பக்கத்து வீட்டுப் பாட்டுத்தான் கதி! தாளத்தோடு படபடவென்று பொரியும் 'ஹிப்-ஹாப்' அது. அமெரிக்கக் கறுப்பு இளைஞர்களின் ஆத்திரம். குண்டுச் சத்தம் கேட்டு வளர்ந்த சிறுமி விடுவாளா? பிடித்துக்கொண்டாள்.

2005-ல் முதல் தட்டு. பெயர் 'அருளர்'. தகப்பனாரின் இயக்கப் பெயரேதான்.

2009-ல் வன்னியில் குண்டு விழுந்தபோது அமெரிக்க டி.வி.யில் 'இனப்படுகொலை' என்றே சொன்னார். 'புலி ஆதரவாளர்' என்று ஏச்சு விழுந்தது. ஏ.ஆர். ரகுமானோடு ஆஸ்கார் பரிந்துரை வந்ததும் அதே வருஷம்தான்.