சராசரிக்குள் மறையும் ஒரு மணி நேரம்

வால்டாக்ஸ் சாலையில் சரக்கு இறக்குபவருக்கு மூச்சு இறுக்குகிறது. காற்று எப்படி இருக்கிறது என்று செல்போனைத் திறந்து பார்க்கிறார். ‘மிதமானது’ என்று வருகிறது. அந்த எண் ராயபுரத்தில் இருக்கும் கண்காணிப்பு நிலையத்துடையது. யானைக்கவுனிப் பாலத்தடியில் லாரிகளும் மீன்பாடி வண்டிகளும் முட்டி நிற்கும் இடத்துக் காற்றை அந்தக் கருவி பார்த்ததில்லை. அது பொய் சொல்லவில்லை; தான் நிற்கும் இடத்தின் காற்றைச் சொல்கிறது. அதை இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கும் பொருத்திச் சொல்லும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஒரு சிறு மாதிரியை வைத்து முழுமையைப் பற்றிச் சொல்வதுதான் புள்ளியியலின் வேலை. எங்கே, எந்த நேரத்தில், எத்தனை முறை எடுத்த மாதிரி என்று கேட்பது அந்தக் காற்றைச் சுவாசிப்பவரின் உரிமை.

வடசென்னையில் இந்தக் கேள்வி எவ்வளவு முக்கியம் என்பதை எண்ணூர் காட்டியது. 2023 டிசம்பர் 26 அன்று நள்ளிரவை ஒட்டி, கோரமண்டல் இன்டர்நேஷனல் உரத் தொழிற்சாலைக்குக் கப்பலிலிருந்து அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம் பகுதி மக்கள் கண் எரிந்து, மூச்சு முட்டி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலை வாயில் அருகே அளந்தபோது ஒரு கன மீட்டர் காற்றில் 2,090 மைக்ரோகிராம் அமோனியா இருந்தது. வரம்பு 400. குழாய்ப் பகுதிக் கடல்நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருக்க வேண்டியது 49 இருந்தது.

இந்த 400 என்பது 24 மணி நேரச் சராசரிக்கான வரம்பு. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 2,090 ஒரு மணி நேரம் நீடித்தது என்று வைத்துக்கொள்வோம். மீதி 23 மணி நேரமும் காற்று நன்றாக, 30 என்ற அளவில் இருந்தது என்று கொள்வோம். மொத்தம் 2,780. அதை 24 ஆல் வகுத்தால் 116 கூட இல்லை. ஊரே அலறி ஓடிய நாள், ஏட்டில் ‘வரம்புக்குள்’ என்று பதிவாகும். சராசரி 400 ஐத் தொட வேண்டுமென்றால் அந்த ஒரு மணி நேரத்தில் 8,910 மைக்ரோகிராம் இருந்திருக்க வேண்டும். மனித நுரையீரல் 24 மணி நேரத்துக்குச் சராசரி எடுத்துக்கொண்டு சுவாசிப்பதில்லை. ஆகவே ‘அன்றைய அளவு வரம்புக்குள்தான்’ என்று ஓர் அதிகாரி சொன்னால், மணிவாரி அளவைத் தாருங்கள் என்று கேளுங்கள்.

இன்னொன்று. காற்றுத் தரக் குறியீட்டைக் கணக்கிட ஒரு நாளில் குறைந்தது 16 மணி நேர அளவுகள் இருந்தால் போதும். மீதி எட்டு மணி நேரம் எங்கே போனது என்பது பெரிய கேள்வி. கருவி எப்போதாவது எந்த ஒழுங்கும் இல்லாமல் நின்றால் சராசரிக்குப் பெரிய பழுது வராது. ராத்திரியில் மட்டும் நின்றால், நாற்றம் அடிப்பதும் ராத்திரியில்தான் என்றால், மிஞ்சிய சராசரியை நம்ப முடியாது.

கையால் மாதிரி எடுக்கும் நிலையங்களில் நிலைமை வேறு. 2009 நவம்பரில் அறிவிக்கப்பட்ட தேசியத் தரநிலைப்படி, ஆண்டுச் சராசரிக்கு வாரம் இரண்டு நாள் வீதம் குறைந்தது 104 அளவீடுகள் வேண்டும். 365 நாளில் 104 என்பது 28 சதவீதம். ஏதோ ஒரு ராத்திரி விஷவாயு வந்தது என்றால், அது அளவீட்டு நாளாக இல்லாமல் போக 71 சதவீதத்துக்கும் மேல் வாய்ப்பு உண்டு. ஆண்டில் மூன்று ராத்திரி அப்படி வந்தாலும், மூன்றுமே பதிவேட்டில் சிக்காமல் போகும் வாய்ப்பு மூன்றில் ஒன்றுக்கும் மேல். மாதிரி எடுக்கும் கிழமை ஆலைக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் இந்தக் கணக்குக்கும் பொருளில்லை. ‘அளவீட்டில் எதுவும் தென்படவில்லை’ என்பதை ‘எதுவும் நடக்கவில்லை’ என்று எழுதிக்கொடுக்க யாரையும் விடாதீர்கள்.

மக்களும் ஆதாரம் சேர்க்கலாம். கடலூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் 2004 முதல் நாற்றத்தை நேரம் குறித்துப் பதிவு செய்தார்கள், வாளியில் காற்று மாதிரியும் எடுத்தார்கள். நம்மவர் பலர் செய்யும் பிழை, நாற்றம் வந்த நாளை மட்டும் எழுதி வைப்பது. வராத நாளையும் எழுதுங்கள். தேதி, நேரம், காற்றடித்த திசை, நாற்றம் உண்டா இல்லையா, இவ்வளவு போதும். வாடைக்காற்று அடித்த 20 நாளில் 18 நாள் நாற்றம், கச்சான் அடித்த 20 நாளில் 3 நாள் நாற்றம் என்று உங்கள் நோட்டு காட்டினால், அதைத் தற்செயல் என்று தள்ளுவது கஷ்டம். வெறும் ‘18 நாள் நாற்றம்’ என்றால் எளிதாகத் தள்ளிவிடலாம். நோய்க்கும் இதுவே முறை. எங்கள் தெருவில் ஒன்பது பிள்ளைகளுக்கு இளைப்பு என்பது வேதனையான செய்தி. எத்தனை பிள்ளைகளில் ஒன்பது, ஆலையிலிருந்து தள்ளியிருக்கும் தெருவில் எத்தனை என்று சேரும்போதுதான் அது வாதமாகிறது.

மணிவாரி அளவுகள், கருவி நின்ற நேரங்கள், மாதிரி எடுத்த தேதிகள் மூன்றையும் தகவல் உரிமைச் சட்டம் 2005-இன்படி வாரியத்திடம் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவருக்கு அதுவும் இல்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். உயிர் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரம். பதில் வரவில்லையென்றால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள், சோர்ந்து விட்டுவிடாதீர்கள்.

இழப்பீட்டுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. எண்ணூர்க் கசிவை அது தானாகவே முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. அதன் 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, விபத்தில் பாதிக்கப்பட்டவர் ஆலையின் அலட்சியத்தை நிரூபித்தாக வேண்டும் என்று கேட்பதில்லை. ஆனால் பாதிப்பை அவர்தான் காட்ட வேண்டும். அன்று ராத்திரி மருத்துவமனையில் தந்த சீட்டு, மருந்துக்கடை ரசீது, வேலைக்குப் போகாத நாட்களின் கணக்கு எல்லாம் அதற்கு உதவும். இழப்பீடு கேட்க ஐந்து ஆண்டு அவகாசம் உண்டு. 2023 டிசம்பர் கசிவில் பாதிக்கப்பட்டவர்களுக்கு அந்த அவகாசம் 2028 டிசம்பரில் முடிகிறது. சீட்டுகளை இன்றே தேடி எடுத்து வையுங்கள்.