ஓடவும் கற்க வேண்டுமோ?

புத்தளத்திலிருந்து எலுவன்குளத்தை நோக்கி வடக்கே செல்லும் பாதையில் உள்ளது வண்ணாத்திவில்லு. செம்மண் நிலமும், மேற்கே களப்பும் கரையோர மணலும், ஊடே தார் வீதியுமாக அமைந்த பிரதேசம். அங்கு வளரும் பிள்ளைக்கு ஓட்டத்தை ஒருவரும் கற்பிப்பதில்லை. மீனுக்கு நீந்தக் கற்பிப்பார் உண்டோ என்று பெரியோர் கேட்பர். கேள்வி நியாயமானதே. ஆயினும், பாடசாலை மெய்வல்லுநர் போட்டி நெருங்கும் காலத்தில், முழங்காலைப் பிடித்தவண்ணம் மைதான ஓரத்தில் அமர்ந்துவிடும் இளைஞரைக் காணுங்கால், இதிலும் கற்பதற்குச் சில உள என்பது விளங்கும்.

ஓடுபவரின் பாதம் நிலத்தில் பதியும் ஒவ்வொரு முறையும், உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலில் தாக்குகின்றது. ஒரு கிலோமீற்றருக்குச் சற்றேறக்குறைய 1000 அடிகள். ஆகவே, அடி ஒன்றில் நேரும் சிறு பிழையும் ஆயிரமாகப் பெருகுகின்றது.

அப்பிழைகளுள் முதன்மையானது யாது? வேகமாக ஓட விரும்புவோர் காலை எட்டி எட்டி வீசுவர். பாதம் உடலுக்கு வெகு முன்னே, முழங்கால் நீண்ட நிலையில், நிலத்தில் விழும். அது வண்டிக்குத் தடை போட்டுக்கொண்டே மாட்டை விரட்டுவதை ஒக்கும். ஓட்டமும் தடைப்படும், முழங்காலும் நோகும். பாதம் இடுப்புக்கு அண்மையில், சற்றே மடிந்த முழங்காலின் கீழ் பதிதல் வேண்டும்.

புறத்தோற்றத்தின் அழகு வேறு, ஓட்டத்தின் திறன் வேறு. செக்கோசிலோவாக்கியாவின் எமில் சாட்டோபெக் தலையை ஆட்டி, முகத்தைச் சுளித்து ஓடுவார், பார்ப்போர் இரங்குவர். அவரே 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5000 மீற்றர், 10,000 மீற்றர், மரதன் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார்.

எட்டிவைக்கும் பழக்கத்தைத் திருத்த எளிய வழி, அடிகளை எண்ணுவதே. 30 விநாடியில் வலக்கால் எத்தனை முறை பதிகின்றது என எண்ணி நான்கால் பெருக்குக. 39 எனின், நிமிடத்திற்கு 156 அடிகள். வேகத்தைக் கூட்டாது அதை 41 ஆக்கினால் 164. இத்துணைச் சிறிய மாற்றமும் பயன் தரும். அடிவீதத்தை நூற்றுக்கு 5 முதல் 10 வரை கூட்டினால் முழங்காலின் சுமை குறைகின்றது என 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டிற்று. 180 அடிகளே யாவர்க்கும் உரியவை என்பாரும் உளர். நெட்டையர்க்கும் குட்டையர்க்கும் ஒரே அளவுச் சட்டை தைப்பது போன்ற பேச்சு அது.

இனி, சப்பாத்தைப் பற்றி. எத்தியோப்பியாவின் அபேபே பிக்கிலா 1960இல் ரோமாபுரியில் வெறுங்காலுடன் மரதனை வென்றார். 1964இல் டோக்கியோவில் சப்பாத்தணிந்து, அதனினும் விரைவாக ஓடி மீண்டும் வென்றார். வெறுங்காலில் ஓடிப் பழகியோர் பெரும்பாலும் முன்பாதத்தையோ நடுப்பாதத்தையோ முதலில் ஊன்றுவர். தடித்த சப்பாத்தினர் பலர் குதிகாலை ஊன்றுவர். முன்பாதத்தை ஊன்றினால் முழங்காலின் பாரம் குறையும். ஆனால் அது மறைந்துவிடுவதில்லை, கெண்டைக்காலுக்கும் குதிகால் நாணுக்கும் இடம் மாறுகின்றது. ஆதலின், வெறுங்காலில் வளர்ந்த பிள்ளைக்குப் போட்டியன்று காலையில் புதுச் சப்பாத்தைக் கொடுப்பதும், சப்பாத்தில் பழகியவர் ஒரே நாளில் அதைக் கழற்றி எறிவதும் ஒருசேரத் தீங்கானவை. முதல் வாரத்தில் சில நிமிடங்கள், பின்னர் சிறிது சிறிதாக என மாறுதலே தகும்.

கீழ்க்கால் எலும்பில் ஒரு புள்ளியை அழுத்தும்போது வலி தெறித்தால், அது ஓய்விலும் நீடித்தால், எலும்பில் நுண்ணிய வெடிப்பு இருத்தல் கூடும். எண்ணெய் தடவிக்கொண்டு ஓடுவதை விடுத்து வைத்தியரை நாடுக.

மணலில் ஓடுவோருக்கும் ஒரு சொல். இளகிய மணலில் ஓடுவதற்கு, கெட்டி நிலத்தினும் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு ஆற்றல் வேண்டும். கெண்டைக்கால் விரைவில் களைக்கும். நீரோரத்து ஈரமணல் கெட்டியானது, எனினும் சரிவானது. ஒரு கால் என்றும் தாழ்ந்தே பதியும். எனவே போன தூரம் அவ்வழியே திரும்பி ஓடுக. தாழ்ந்த கால் மாறிவிடும்.