கிணறு இறைக்க ஒரு பம்பு, அருவி விழ வேறு பம்பு!

காஞ்சீபுரம் அருகே உள்ளது அய்யங்கார்குளம். சித்ரா பவுர்ணமி வந்தால் ஊர் களை கட்டிவிடும். அன்று காஞ்சி வரதராஜ பெருமாள் இங்குள்ள நடவாவிக் கிணற்றுக்குள் எழுந்தருளுகிறார்.

கிணற்றுக்குள் எப்படி என்கிறீர்களா? சஞ்சீவிராயர் கோவில் அருகே இருக்கும் இது படிக்கட்டுக் கிணறு. பூமிக்கு அடியில் கல் மண்டபம். அதன் நடுவே கிணறு. திருவிழாவுக்கு முன்னதாகத் தண்ணீரை இறைத்து விடுவார்கள். பெருமாள் கிணற்றைச் சுற்றி வலம் வருவார்.

கிணறு இறைக்கப் பெரிய மோட்டார்தான் வேண்டும். வேலை முடிந்ததும் எடுத்து வைத்து விடலாம். ஒன்று கவனம்: மேட்டில் உட்கார்ந்து உறிஞ்சும் மோட்டார், எத்தனை எச்.பி. ஆனாலும் சுமார் 25 அடிக்குக் கீழே உள்ள தண்ணீரை இழுக்காது. ஆழம் அதிகமானால் தண்ணீரிலேயே மூழ்கி ஓடும் மோட்டார்தான் வழி.

பில் எகிறும்!

வீட்டு முன்னால் தொட்டி கட்டி, நாலு கல்லை அடுக்கி அருவி விடுகிறவர்கள் கதை வேறு. மீன் வளர்த்தால் பம்பு ராத்திரியும் ஓட வேண்டும். "வீட்டுல பழைய மோட்டார் சும்மாத்தானே கிடக்கு" என்று 1 எச்.பி.யைப் போட்டால், 2 மாத பில்லில் அது மட்டுமே 1,000 யூனிட்டைத் தாண்டிவிடும்! 40 வாட் குட்டி பம்பு என்றால் சுமார் 58 யூனிட்தான்.

கடையில் "அரை எச்.பி.யா, ஒரு எச்.பி.யா?" என்பார்கள். அதை விடுங்கள். மணிக்கு எத்தனை லிட்டர், எவ்வளவு உயரத்துக்கு என்று கேளுங்கள்.

பெட்டியில் 'அதிகபட்ச உயரம் 6 அடி' என்று போட்டிருக்கும். பலர் ஏமாறுவது இங்கேதான். அந்த 6 அடியில் ஒரு சொட்டுகூட விழாது! தண்ணீர் அதுவரை ஏறி நின்றுவிடும். 3 அடி அருவிக்கு 3 அடியில் எத்தனை லிட்டர் வரும் என்பதே கணக்கு. உயரத்தைத் தொட்டியின் அடியில் இருந்து அளக்காதீர்கள். தண்ணீர் மட்டத்தில் இருந்து அளக்கவேண்டும்.

1 அடி அகலத்துக்குத் தண்ணீர் நன்றாக விழ மணிக்கு சுமார் 4,500 லிட்டர் வேண்டும். மெல்லிசாக வழிந்தால் போதும் என்றால் அதில் பாதி. அவ்வளவு பெரிய பம்பு கட்டாதா? அருவியை அரை அடியாகக் குறுக்கிவிடுங்கள், அழகு குறையாது. டியூப் ஒல்லியாக இருந்தால் நல்ல பம்பும் திணறும். பாசி அடைத்தாலும் அப்படித்தான். தண்ணீர் இல்லாமல் ஓடினால் பம்பு சூடாகிக் கருகிவிடும்.

உயிருக்கு ஆபத்து!

தண்ணீரும் கரண்டும் சேரும் இடம் இது. பிள்ளைகள் கை விட்டு விளையாடும் தொட்டி வேறு. எர்த் இருக்கவேண்டும். கசிவு வந்தால் உடனே கரண்டை நிறுத்தும் பிரேக்கரும் கட்டாயம் வேண்டும். பம்பைக் கழுவ எடுப்பதானால் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரில் கை வைக்கவேண்டும். ஒயரைப் பிடித்துத் தூக்கவே கூடாது. பம்பில் ஒரு நைலான் கயிற்றைக் கட்டி வையுங்கள்.