மூச்சு மருந்து மாறும்போது

உணவின்றிப் பல நாட்களும் நீரின்றிச் சில நாட்களும் மனிதன் உயிர் தாங்குவான். மூச்சின்றிச் சில நிமிடங்களும் தாங்கான். கேளாமலே இறைவன் வழங்கிய இவ்வருட்கொடையின் அருமையை, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயால் இளைப்போரே முற்றும் அறிவர்.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், பிளவக்கல் அணையும் வயல்களும் தென்னந்தோப்புகளும் சூழ்ந்த கூமாப்பட்டி போன்ற ஊரில் இந்நோய்க்கு இடமேது என்று எண்ணத் தோன்றும். ஆனால் மலைக்காற்று வாசல் வரைதான் வருகிறது. பீடியும் சுருட்டும் ஒருபுறம். பல்லாண்டுகள் விறகடுப்பின் முன் அமர்ந்து ஊதிய புகை மறுபுறம். பீடியைத் தொட்டறியாத மூதாட்டியர்க்கும் இந்நோய் வருவது இதனால்தான்.

இவர்களுக்கு மருத்துவர் இன்ஹேலரை மாற்றித் தரும்போது ஒரு சோதனை தொடங்குகிறது. ‘பழையது நெஞ்சில் குளிர்ச்சியாய் இறங்கியது, இதில் ஒன்றுமே தெரியவில்லை’ என்று கூறிப் புதியதைப் பெட்டியில் வைத்துவிடுகின்றனர். இத்தகைய மனக்குறை உலகெங்கும் எழுந்ததுண்டு. பழைய குழல்களில் மருந்தை உந்தித்தள்ளிய வாயு, ஓசோன் படலத்தைக் கெடுப்பது என்று அறியப்பட்டு, 1987-ஆம் ஆண்டின் மான்ட்ரீல் உடன்படிக்கைப்படி படிப்படியாக விலக்கப்பட்டது. நம் நாட்டில் 2008 ஆகஸ்டில் அவ்வாயுவின் பொது உற்பத்தி நின்றது; இன்ஹேலருக்கு மட்டும் மேலும் சில காலம் விலக்கு இருந்தது. பின்னர் வந்த வாயு மென்மையாகவும் சற்று வெதுவெதுப்பாகவும் வெளிப்பட்டது, சுவையும் வேறு. தொண்டையில் அடித்த அந்தக் குளிர்ச்சி மருந்தன்று, வாயுவின் வேகமே என்பதைப் பலர் அறிந்திலர்.

குழலிலிருந்து பொடி மருந்துக் கருவிக்கு மாறுவோர்க்கு வேற்றுமை இன்னும் பெரிது. குழலைக் குலுக்கி, மூச்சை வெளிவிட்டு, அழுத்தும்போதே மெதுவாக ஆழ்ந்து இழுக்க வேண்டும். பொடிக் கருவியிலோ வேகமாகவும் பலமாகவும் இழுக்க வேண்டும். அதனுள் ஊதக் கூடாது, ஈரம் பட்டால் பொடி கட்டிப்போகும். இரண்டிலும் இழுத்த மூச்சைப் பத்து விநாடியேனும் அடக்கிவைப்பது நலம். பொடிக் கருவிக்குரிய மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கிவிடுவோரும் உளர்! ஸ்டீராய்டு கலந்த மருந்தாயின் பின்னர் வாய் கொப்பளிக்காவிடில் வாய்ப்புண் உண்டாகும். ஒளூச் செய்யப் போகுமுன் மருந்தை இழுத்துக்கொண்டால், கொப்பளிக்கும் சுன்னத்திலேயே இதுவும் நிறைவேறும்.

‘தவக்குல் இருக்க மருந்தெதற்கு?’ என்று சிலர் பேசுவது மார்க்கம் அறியாப் பேச்சு. மருந்துண்ணலாமா என்று தோழர்கள் வினவியபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மருத்துவம் செய்துகொள்ளுமாறே பணித்தார்கள்.

மருந்து மாறினால் நோன்பின் சட்டமும் மாறக்கூடும் என்பதுதான் பலர் எண்ணிப் பாராதது. நம் நாட்டு ஹனஃபி உலமாக்களில் பெரும்பாலோர், இன்ஹேலர் எவ்வகையாயினும் நோன்பு முறியும் என்பர். அரபு நாட்டு அறிஞர் ஷைகு இப்னு பாஸ், தேவைக்கு இழுக்கும் குழல் மருந்தால் முறியாது என்றார். 2001-இல் மறைந்த ஷைகு இப்னு உஸைமீனோ, ஆவியாய்ச் செல்வது முறிக்காது, மாவு போன்ற பொடி உமிழ்நீரில் கலந்து இரைப்பையை அடைவதால் முறிக்கும் என்று பிரித்துரைத்தார். பொடி மருந்தில் பெரும்பாலும் பால் சர்க்கரையும் கலந்திருப்பது இங்கே கருதத்தக்கது. ஆகவே, குழலுக்காகச் சென்ற ஆண்டு கேட்டறிந்த விடையைப் பொடிக்கு வைத்துக்கொள்ளாமல் தம் ஊர் ஆலிமிடம் மீண்டும் கேட்க வேண்டும்.

கருத்து எதுவாயினும், பகலில் மூச்சு முட்டும்போது இன்ஹேலரைத் தொடாதிருப்பது பேணுதலன்று, உயிரோடு விளையாடுவது. நோயாளிக்கு அல்-பகரா அத்தியாயத்தின் 185-ஆம் வசனம் சலுகை அளித்திருக்கிறது. நோன்பு முறிந்ததென்றால் பின்னர் களாச் செய்யலாம். தீரா நோயால் என்றுமே நோற்க இயலாதவர் நாளொன்றுக்கு ஓர் ஏழைக்கு உணவளிக்க வேண்டும். ஷாஃபிஈகளுக்கு அதன் அளவு ஒரு முத்து.

நோற்கும் வலிமை உடையவர்கள், ஸஹரிலும் இஃப்தாருக்குப் பின்னும் மட்டும் மருந்து எடுத்தால் போதுமா என்று ஷஃபான் மாதத்திலேயே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். செல்லும்போது பழைய குழலையும் புதிய கருவியையும் கையோடு கொண்டுபோய், அவர் கண்முன் ஒருமுறை இழுத்துக் காட்டுங்கள்.